இருபத்தேழாவது தடம்

அத்தியாயம் 4

சைக்கிள் ஓட்டாத ஒருவர் எழுதிய சைக்கிள் நூல் நான்கு பதிப்புகள் கண்டிருந்தது. நகரத்தைச் சுற்றி மலைச் சைக்கிள் ஓட்டத் தக்க இருபத்தாறு தடங்கள் அதில் இருந்தன. சட்டைப் பையில் அடங்கும் அளவு. மழைக்குத் தாங்கும் அட்டை. எழுதியவர் நில அளவைத் துறையில் சர்வேயர். இளவயதில் முழங்கால் சில்லு நொறுங்கிப் போனதால் மிதிகட்டை அவருக்கு விலக்கு. ஆகவே ஒவ்வொரு தடத்தையும் அளவுச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு மும்முறை நடந்து பார்ப்பார். அதன் பிறகே எழுதுவார். நீளம், இறக்கம், தரை, கடைசியில் ஒரே ஒரு சொல்: எளிது, நடுத்தரம், கடினம் என்ற மூன்றில் ஒன்று. நான்கு பதிப்புகளிலும் பிழை கண்டவர் எவரும் இல்லை.

நான்கு மாதங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒன்பதாம் தடத்தின் மூன்றாவது வளைவில் அவருடைய தம்பி விழுந்து கிடந்தான். ஆம்புலன்ஸ் வந்தபோது மூச்சு இல்லை. ஒன்பதாம் தடத்துக்கு நூல் கொடுத்திருந்த சொல், எளிது.

விபத்து என்று காவல்துறை கோப்பை மூடியது. ஊரின் தீர்ப்பு வேறு: அண்ணன் எழுதிய ஒரு சொல் தம்பியைத் தின்றுவிட்டது. அம்மா தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. மூத்த மகனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ், நான்கு மாதங்களாக ஒரு சொல் இல்லை.

ஆகவே சர்வேயர் அண்ணியைத் தேடி வந்தார்.

அண்ணி என்பது அவர் பெயரன்று. காப்பீட்டு நிறுவனத்தில் இருபது ஆண்டுகள் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துவிட்டு, பிறகு தனியாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். மறைந்த கணவரின் தம்பியை உதவியாளராக வைத்துக்கொண்டார். பிழை அங்கே நேர்ந்தது. அலுவலகத்தில் அண்ணி என்று கூப்பிடாதே என்று பலமுறை சொல்லியும் அவன் கேட்கவில்லை. ஆறே மாதத்தில் வாடிக்கையாளர், தபால்காரர், காவல் ஆய்வாளர் வரை அனைவருக்கும் அவர் அண்ணி ஆகிவிட்டார்.

கொழுந்தனுக்கும் ஊர் ஒரு பெயர் வைத்திருந்தது: கிளட்ச். பன்னிரண்டு ஆண்டுகள் ஓட்டுநர் பள்ளியில், பக்கத்து இருக்கையில் அமர்ந்து, பிறர் தவறுக்குத் தன் காலால் கிளட்சை மிதித்து வாழ்ந்தவன். இன்னமும் யார் வண்டியில் ஏறினாலும் அவன் இடக்கால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும்.

சர்வேயர் குற்றவாளியைக் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது ஒரே விடை.

"ஒன்பதுக்கு நான் எழுதினது தப்பா இல்லையா, அது மட்டும் தெரியணும். தப்புன்னாலும் பரவால்ல. அம்மா முன்னாடி நின்னு சொல்லிடுவேன். தெரியாம நிக்கறதுதான் முடியல."

துப்புத் துலக்கப் பிடித்துக்கொண்டு போகும் முதல் நூலிழை அவர் வீட்டு மாடியறையிலேயே கிடைத்தது. உவமையாக அன்று, உண்மையான கட்டு நூல். காவல்துறை திருப்பித் தந்த தம்பியின் சைக்கிள் அங்கே சுவரில் சாய்ந்திருந்தது. எண் எழுதிய அட்டைத் துண்டு ஒன்றை அதன் இருக்கைத் தண்டில் நூலால் கட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை என்றார் சர்வேயர். தூசியும் அதற்குச் சாட்சி சொன்னது.

கிளட்ச் ஏறிப் பார்க்க முயன்றான். உயரத்தில் இறைவன் அவனுக்குக் கஞ்சம் காட்டியிருந்தான். ஒரு காலைத் தூக்கி, அது எட்டாமல், மறுபடி இறக்கினான்.

"அண்ணி, இது சைக்கிளா ஏணியா? ஏறினா எறங்க ஆள் வெக்கணும் போல."

அண்ணி அவனைப் பார்க்கவில்லை, இருக்கையைப் பார்த்தார். கைப்பிடியில், பிரேக்குக்கு அருகில், சிறிய நெம்பு ஒன்று இருந்தது. அது எதற்கு என்று கேட்டார். சர்வேயருக்குத் தெரியவில்லை. இருபத்தாறு தடங்களின் ஒவ்வொரு கல்லையும் அறிந்தவருக்கு, அவற்றின் மேல் உருளும் வண்டியைப் பற்றி அறிய வேண்டிய தேவை எழுந்ததில்லை. நெம்பு எதற்கென்று தெரிந்துகொள்ளும் வரை நூலை அறுக்க வேண்டாம், சைக்கிளைத் தொடவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அண்ணி இறங்கினார்.

அடுத்த ஞாயிறு காலை இருவரும் நான்காம் தடத்தின் உச்சியில் ஒரு பாறைமேல் அமர்ந்திருந்தார்கள். ஓட்டுநர்கள் வியர்த்து விறுவிறுத்து ஏறி வந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள், சரிவின் விளிம்புக்குப் போனார்கள். அங்கே ஒவ்வொருவரும், யாரும் சொல்லாமலே, ஒரே காரியத்தைச் செய்தார்கள். கட்டை விரலால் அந்த நெம்பை அழுத்தி, உடம்பால் இருக்கையை அமுக்கினார்கள். தண்டு குழாய்க்குள் போய் மறைந்தது. இருக்கை ஒரு சாண் இறங்கி உட்கார்ந்தது. பதினேழு பேரை எண்ணினார் அண்ணி. பதினேழு இருக்கைகளும் இறங்கின.

கிளட்ச் ஒரு பெண்மணியை மறித்துக் காரணம் கேட்டுவந்தான். சரிவில் உடம்பைப் பின்னால் தள்ளி உட்கார வேண்டும். இருக்கை உயரத்தில் இருந்தால் அது முதுகில் உதைத்து ஆளை முன்னால் வீசிவிடும். ஏறும்போது உயர்த்துவது, இறங்கும்போது தாழ்த்துவது. யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும்.

"சீட்ட எறக்காம எறங்கறவன் நேத்து சைக்கிள் வாங்கினவனா இருக்கணும், இல்ல பைத்தியமா இருக்கணும்னு சொல்லுது அந்தம்மா."

"தம்பி எத்தன வருஷமா ஓட்டினான்?"

"ஒம்போது வருஷம். பைத்தியம்னு யாரும் சொல்லல."

அண்ணி கைப்பையை மூடினார். காவல்துறை அட்டைத் துண்டைக் கட்டியது இருக்கைத் தண்டின் நடுவில். தண்டு குழாய்க்குள் இறங்கியிருந்தால் நூல் கட்ட அங்கே இடமே இருந்திருக்காது. ஆக, இருக்கை உயர்ந்த நிலையிலேயே சைக்கிள் கண்டெடுக்கப்பட்டது. ஒன்பதாம் தடமோ மேலிருந்து கீழே மட்டும் செல்வது. ஏறுவதற்கு வேறு பாதை. மூன்றாவது வளைவு இறக்கத்தின் நட்டநடுவில் இருந்தது.

"கடைசியா அந்த சைக்கிள் எறங்கல, கிளட்ச். ஏறியிருக்கு."

"செத்தவன் ஏத்தியிருக்க மாட்டான்."

"அதேதான். அவனையும் சைக்கிளையும் யாரோ அங்க கொண்டுவந்து வெச்சிருக்காங்க. அப்படின்னா வேற எங்கயோ விழுந்திருக்கான்."

அன்று மாலை இருவரும் சர்வேயரின் மாடியறைக்குத் திரும்பினார்கள். சைக்கிள் பேசியதைச் சுருக்கமாக அண்ணி சொன்னார். சர்வேயர் நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டார். மகிழ்ச்சி என்று அதற்குப் பெயர் வைக்க முடியாது. நான்கு மாதமாக முதுகில் இருந்த மூட்டையை ஒருவர் சற்றே தூக்கிப் பிடித்தால் வரும் தடுமாற்றம் அது.

அண்ணி இரண்டாவது கேள்விக்கு வந்தார். புதுத் தடங்களை அவர் கண்டுபிடிப்பது எப்படி? இதற்கு சர்வேயர் உற்சாகமாகவே விடை சொன்னார். ஓட்டுநர்கள் எல்லோரும் கைப்பேசியில் தங்கள் பயணத்தைப் பதிவுசெய்து பொதுவில் போடுவார்கள். போன வழி வரைபடத்தில் ஒரு கோடாக விழும். அந்தக் கோடுகளை அவர் கண்ணாடித் தாளில் அச்செடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விளக்குப் பெட்டியின் மேல் வைத்துப் பார்ப்பார். சாலை இல்லாத இடத்தில் கோடுகள் தடித்தால் அங்கே ஒரு தடம் இருக்கிறது என்று பொருள். மறுநாள் அளவுச் சக்கரத்தோடு கிளம்பிவிடுவார்.

தம்பியின் கடைசி ஆண்டுக் கோடுகளை அடுக்கச் சொன்னார் அண்ணி. அவனோடு வாராவாரம் ஓட்டியவர்கள் இருவர். ஒருவர் சைக்கிள் கடை மெக்கானிக், மற்றவர் ஒரு பல் டாக்டர். ஆம்புலன்ஸை அழைத்ததும் அவர்களே. அவர்களுடைய கோடுகளும் மேலே ஏறின. விளக்குப் பெட்டி எரிந்தது.

மூவரும் குனிந்து பார்த்தார்கள். நகரத்திலிருந்து கிளம்பிய கோடுகள் குன்றின் அடிவாரம் வழியாக ஏறி, ஒரு பழைய பம்ப் ஹவுஸின் அருகே வந்து, கத்தரித்தாற்போல நின்றன. குன்றின் மறுபுறம், தரிசு நிலத்தின் ஓரத்தில், மறுபடி தொடங்கின. இடையில் ஒரு கிலோமீட்டருக்கு வெறும் தாள். ஒரு ஞாயிறு மட்டும் அல்ல, நாற்பது ஞாயிறுகள். கடைசி ஞாயிறன்று மூவரின் கோடுகளும் ஆறு நாற்பத்திரண்டுக்கு பம்ப் ஹவுஸில் நின்றன. மறுபடி தொடங்கவே இல்லை. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று தம்பியுடையதைக் காவல்துறை எழுதிவைத்திருந்தது. மற்ற இரண்டையும் எவரும் பார்க்கவில்லை.

அங்கே மலை மறைப்பதால் சிக்னல் கிடைக்காது என்றார் சர்வேயர். குரலில் உறுதி குறைந்திருந்தது. தினமும் அவ்வழியே ஓட்டப் பயிற்சிக்குப் போகும் ஒருவரின் கோட்டைத் தேடி எடுக்கச் சொன்னார் அண்ணி. அது பம்ப் ஹவுஸைக் கடந்து, குன்றைச் சுற்றி, ஓர் இடத்திலும் அறுபடாமல் போயிற்று.

கிளட்ச் தொண்டையைச் செருமினான்.

"பூசணிக்காய மறைக்கறேன்னு, அது இருந்த எடத்துல சோத்தக் குமிச்சு வெச்சுட்டாங்க. மூணு பேர் வாராவாரம் ஒரே எடத்துல பதிவ நிறுத்திக் கண்ண மூடிக்கிட்டா, அங்க என்னமோ இருக்குன்னு குருடனுக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியல" என்றார் சர்வேயர்.

கோடு இருக்கும் இடத்தையே பார்த்துப் பழகிய கண், கோடு இல்லாத இடத்தை எப்படிப் பார்க்கும்? பிறர் மறைக்காததை மட்டுமே கண்டுபிடித்து வந்தவர் அவர். தம்பி மறைத்திருக்கிறான் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்துக்கொண்டிருந்தது. கூட வருவதாகச் சொன்னார், அண்ணி மறுத்துவிட்டார்.

புதன்கிழமை காலை, பம்ப் ஹவுஸின் சுவரோரமாக நடக்கத் தொடங்கி அண்ணி அடிகளை எண்ணிக்கொண்டே போனார். எண்ணுவது அவருடைய தொழில் பழக்கம். புதர் அடர்ந்த ஓரிடத்தில் காய்ந்த முள்கிளைகள் கிடந்தன. காற்றில் விழுந்த கிளைகள் திசைக்கொன்றாகக் கிடக்கும். இவையோ அடி எல்லாம் ஒரே பக்கம், நுனி எல்லாம் ஒரே பக்கம். கிளட்ச் அவற்றை ஒதுக்கினான். கதவு திறந்ததுபோல் ஒரு பாதை தெரிந்தது.

அண்ணிக்கு சைக்கிளைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆயினும் அது அழகானது என்று தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் வெளிப்புற மண் உயர்த்தி அணைக்கப்பட்டிருந்தது. மழைநீர் குறுக்கே ஓடிப் போகத் தட்டையான கற்கள் பதிக்கப்பட்டிருந்தன. ஒரு வேரைக்கூட வெட்டாமல், மரங்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு போவதுபோல் வளைந்து வளைந்து இறங்கியது பாதை. நடுவில் ஓரிடத்தில், ஆள் உயரப் பாறையிலிருந்து நேர்ச்சரிவாக அது கீழே விழுந்தது. பாறையின் அடியில் ஒருவர் மண்வெட்டியோடு குனிந்திருந்தார். சைக்கிள் கடையில் இரண்டு முறை பார்த்து, இரண்டு முறையும் ஒன்பதில்தான் விழுந்தான் என்ற ஒரே பொய்யைக் கேட்டுவிட்டு வந்த முகம். மெக்கானிக்.

அவர் ஓடவில்லை, அதிரவுமில்லை. மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

"கடைல கேட்டப்பவே தெரியும், அண்ணி. நீங்க ரெண்டோட விடற ஆள் இல்ல."

"இருக்கைய எறக்க மறந்துட்டீங்க."

மெக்கானிக் ஒரு கணம் விழித்தார். பிறகு தன் இடக் கட்டை விரலையே பார்த்தார். அவர்தான் தம்பியின் சைக்கிளை ஒன்பதாம் தடத்தின் உச்சி வரை மிதித்து ஏற்றிக் கொண்டுபோனவர். ஏற்றம் வந்ததும் விரல் தானாக நெம்பை அழுத்தி இருக்கையை உயர்த்தியிருக்கிறது. உச்சியிலிருந்து மூன்றாவது வளைவு வரை தள்ளிக்கொண்டுதான் இறங்கினார். தள்ளுபவனுக்கு இருக்கையைப் பற்றி நினைப்பு வருமா? ஆயிரம் பேருக்கு அந்த நெம்பைப் பொருத்திக் கொடுத்த கை அது.

அதன் பின் அவரே பேசினார், கேட்க வேண்டியிருக்கவில்லை. மூன்று ஆண்டுகள், மூன்று பேர், ஒரு கூடை கல்லைக்கூட வெளியிலிருந்து கொண்டுவராமல் வெட்டிய பாதை இது. பெயர் வைக்கவில்லை, பெயர் வைத்தால் பேச்சு வரும். சர்வேயரின் நூலைப் பற்றி அவர் பேசியபோது குரலில் அமிலம் ஏறியது. இரண்டாம் தடம் இப்போது கார் நிறுத்துமிடம். ஐந்தாம் தடம் குப்பைக் குழி. பதினோராம் தடத்தில் வனத்துறையின் முள்வேலி. பதினெட்டாம் தடத்தைத் தம்பிதான் அண்ணனுக்குக் காட்டினான். எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டுதான் காட்டினான். அடுத்த பதிப்பில் அது வந்தது. அளந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை என்று அண்ணன் சொன்னாராம். பக்கத்தின் அடியில், உதவிய தம்பிக்கு நன்றி என்று அச்சிட்டும் இருந்தாராம்.

"சண்ட போடல அவன். ஒரு வார்த்த கேக்கல. அதுக்கப்பறம் அண்ணன்கிட்ட எதுவும் சொல்றத விட்டுட்டான், அவ்வளவுதான்."

அண்ணி அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டார்.

இந்தப் பாறையில்தான் விழுந்தான். முதல் நாள் மழை, கல்லில் பாசி. விழுந்தவன் பேசினான், சிரித்தான்கூட. கால் மரத்துப்போயிருக்கிறது என்றான். அசைக்கக் கூடாது என்று பல் டாக்டர் சொன்னார்.

"ரெண்டு தடவ சொன்னாரு. மூணாவது தடவ அவரே கால் பக்கம் புடிச்சாரு."

"ஏன்?"

"அவன் கெஞ்சினான். இங்க வேணாம், ஒன்பதுக்குக் கொண்டு போயிடுங்க, இங்க ஆம்புலன்ஸ் வந்தா அண்ணன் எழுதிடுவான்னு."

கிளட்சின் இடக்கால் தரையை ஒருமுறை மிதித்தது.

மண் சுமக்கும் படுதாவில் வைத்து, குன்றின் தோளைக் கடந்து, ஐம்பது நிமிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். பாதி வழியில் பேச்சு நின்றது. இறக்கி வைத்த பிறகே ஆம்புலன்ஸை அழைத்தார்கள். அது வருவதற்குள் மெக்கானிக் திரும்பி ஓடி சைக்கிளைக் கொண்டுவந்தார்.

பழியை இறந்தவன் தலையில் போடுவது எளிது, அவன் மறுத்துப் பேச மாட்டான் என்றார் அண்ணி. அவர் குரல் உயரவில்லை. மெக்கானிக் தலையாட்டினார், அந்தக் கேள்வியை நான்கு மாதமாக எதிர்பார்த்திருந்தவரைப் போல, சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து நீட்டினார். மூவர் மட்டும் இருந்த குழுவில், அன்று ஏழு ஐந்துக்கு, தம்பியின் கைப்பேசியிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. படுதாவில் மல்லாந்து கிடந்தபடி அவன் அனுப்பியது.

*ஒன்பது. மூணாவது வளைவு. யார் கேட்டாலும் அதான் சொல்லணும். அண்ணன் கேட்டாலும்.*

அண்ணி அதை இரண்டு முறை படித்தார்.

"ஒன்பதுன்னு சொன்னா பழி அண்ணன் மேல விழும்னு அவனுக்குத் தோணலியா?"

"சாகப் போறோம்னு அவனுக்குத் தெரியாதே, அண்ணி. ஒரு மாசம் கட்டுப் போட்டுக்கிட்டுப் படுத்திருந்துட்டு, மறுபடி இங்க வந்துடலாம்னு நெனச்சான். நாங்களும்தான் நெனச்சோம்." மெக்கானிக் மண்வெட்டியை எடுத்தார். "பாசி படியாத மாதிரி இந்தக் கல்ல மாத்திட்டு இருக்கேன். இனிமே யாரு ஓட்டப் போறாங்கன்னு கேக்காதீங்க."

திரும்பும் வழியில் வண்டியை அண்ணி ஓட்டினார். நகரின் முதல் சிக்னலில் கிளட்ச் வாயைத் திறந்தான்.

"எங்கண்ணன் இருந்தப்ப நான் அவன்கிட்ட மறச்சத எண்ணிப் பாத்தேன், அண்ணி."

"எத்தன?"

"சிக்னல் விழுந்துருச்சு. போங்க."

மறுநாள் காலை, சர்வேயரின் வீட்டில், அறிக்கை மூன்று தாள்களாக மேசைமேல் இருந்தது. முதல் தாளில் சைக்கிள். இரண்டாவதில் பாதையும் பாறையும். மூன்றாவதில் அந்தச் செய்தி, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். தாள்களைச் சர்வேயர் தொடவில்லை. முதலில் ஒன்றைக் கேட்டார்.

"ஒன்பது எளிதுதானே?"

"எளிதுதான். நானே நடந்து பாத்துட்டேன். நீங்க எழுதினதுல ஒரு மீட்டர்கூடத் தப்பில்ல."

அவர் கண்ணை மூடித் திறந்தார். இரண்டு தாள்களை நின்றபடி படித்தார். மூன்றாவதைப் படிக்கும்போது உட்கார்ந்தார். படித்து முடித்த பிறகும் தாளை இறக்கவில்லை. அளந்து சமப்படுத்திய நிலம் போன்ற முகம் அது. மேடு பள்ளம் எதுவும் வெளியே தெரியவில்லை. காவல்துறைக்குப் போனால் இந்தச் செய்தி வெளியே வருமா என்று கேட்டார். கட்டாயம் வரும் என்றார் அண்ணி. அது இல்லாமல் அந்த இருவரின் செயலுக்குக் காரணமே இல்லை. அப்படியானால் போக வேண்டாம் என்றார் சர்வேயர். அசைத்ததால்தான் உயிர் போயிருக்கலாம் என்பதையும் அண்ணி சொல்லத் தவறவில்லை. தெரிகிறது என்றார் அவர்.

பிறகு, அண்ணியிடமல்ல, தாளிடம் பேசினார்.

"எழுதியிருந்தா கடினம்னு போட்டிருப்பேன். மழைக்கு மறுநாள் போகாதீங்கன்னு போட்டிருப்பேன். ஆம்புலன்ஸ் எந்தப் பக்கமா வரணும்னும் போட்டிருப்பேன். எழுதியிருந்தா அவன் இருந்திருப்பான்." சற்று நிறுத்தினார். "எழுத மாட்டேன்னு நம்பியிருந்தாலும் இருந்திருப்பான்."

வாசலில் நிழல் விழுந்தது. அம்மா நின்றுகொண்டிருந்தார். ஒடிசலான உடம்பு, கை நனைந்திருந்தது. எவ்வளவு நேரமாக நின்றார் என்று யாருக்கும் தெரியவில்லை. சர்வேயர் மூன்றாவது தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அவசரமில்லாமல் வைத்தார், அதனால்தான் அது அண்ணியின் கண்ணில் பட்டது.

"அம்மா, அவன் ஒன்பதுல விழல. இவங்க கண்டுபிடிச்சுட்டாங்க. வேற எடம். புத்தகத்துல இல்லாத எடம்."

அம்மா அந்தச் செய்தியை மெதுவாக வாங்கிக்கொண்டார். மேசைமேல் கிடந்த நூலைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். நான்கு மாதத்தில் முதல் தடவையாக அவனிடம் பேசினார்.

"அப்ப நீ தப்பா எழுதல."

"இல்லம்மா."

"எழுதவே இல்ல."

"எழுதல."

"மழத்தண்ணி ஓடற ஓடயக்கூட அளந்து எழுதி வெச்சிருக்க. ஊர்ல எவன் எவன் பிள்ளைக்கோ வழி சொல்லியிருக்க. உன் தம்பி வாராவாரம் போன எடத்த மட்டும் ஏண்டா எழுதாம விட்ட?"

கிளட்ச் வாயைத் திறந்தான். அண்ணி அவனைப் பார்த்தார், அவன் மூடிக்கொண்டான். விடை நான்காக மடிந்து ஒரு சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்து நீட்டினால் ஒரு மகன் தப்பித்துவிடுவான். இன்னொருவன் இரண்டாவது முறை சாவான். எடுக்கும் உரிமை உள்ளவர் கையை அசைக்கவில்லை.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார் சர்வேயர். அதில் பொய் எதுவும் இல்லை.

"கூடப் பொறந்தவன் எங்க போறான்னு தெரியாதா உனக்கு?"

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்தார். கோபம் அவரிடமிருந்து எங்கோ வடிந்து போய்க்கொண்டிருந்தது. அது போன இடத்தில் வேறொன்று, அதைவிடக் கடினமானது, வந்து உட்கார்ந்தது.

"இப்பவாவது எழுது. இன்னொருத்தி பெத்த பிள்ளையாவது தெரிஞ்சுக்கட்டும்."

"அம்மா…"

"எழுதுன்னு சொல்றேன்ல. எழுதிட்டு வந்து சாப்பிடு. ஆறிப்போகுது."

அவர் உள்ளே போய்விட்டார். பாத்திரம் நகரும் ஓசை கேட்டது. இரண்டு தட்டுகளின் ஓசை.

சர்வேயர் வரைபடத்தை இழுத்துப் போட்டு, விளிம்புகளை உள்ளங்கையால் நீவினார். ஒரு பென்சிலைத் தேடி எடுத்து, அதன் முனையைப் பம்ப் ஹவுஸின் மேல் வைத்தார். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார், அந்த முள்கிளைகள் கிடக்கும் இடம் அங்கிருந்து எத்தனை காலடி என்று.

எண்ணவில்லை என்று சொல்லிவிட அண்ணியால் முடியும். அதை நம்புவதற்கு சர்வேயர் தயாராகவே இருந்தார் என்பதும் தெரிந்தது. உள்ளே தண்ணீர்க் குவளை வைக்கப்படும் ஓசை கேட்டது.

"அறுபத்திரண்டு" என்றார் அண்ணி.